நோயுற்றவரின் சொல்லுக்கு என்ன மதிப்பு?



ஆளுமை பற்றிய மனிதநேயப் பார்வையையும் மனநோயாளிகள் மேல் சமூகம் சுமத்தும் இழிவையும் ஒன்றாக வைத்துப் பேச இங்கே கூடியிருக்கிறோம். மனிதநேய உளவியல் என்றதும் நம் மாணவர்கள் மாஸ்லோவின் பிரமிடை வரைந்துவிடுவார்கள். 1943இல் அவர் எழுதிய மூலக் கட்டுரையில் அப்படியொரு படமே கிடையாது. அது போகட்டும். தம் ஆற்றலை முழுதும் மலரச் செய்தவர்கள் என்று மாஸ்லோ கருதியவர்கள் லிங்கன், ஐன்ஸ்டைன், எலினார் ரூஸ்வெல்ட் போன்றோர். நோயை மட்டுமே பார்த்து மனிதனைப் புரிந்துகொள்ள முடியாது என்றார் அவர். சரியான வாதம்தான். ஆனால் உயரத்தில் நிற்பவர்களைக் கொண்டே மனிதனை அளந்தால், மனச்சிதைவு நோயோடு மருத்துவமனை வார்டில் மாதக்கணக்காகப் பேசாமல் கிடப்பவருக்கு அந்த அளவில் இடம் எங்கே? இதற்கு விடை சொல்லாதவரை மனிதநேய உளவியல் நலமாக இருப்பவர்களுக்கு மட்டுமே உரிய ஒன்றாக நின்றுவிடும்.

இந்தக் கேள்வியை மருத்துவமனைக்குள்ளேயே கொண்டுபோனவர் கார்ல் ரோஜர்ஸ். 1957இல் அவர் சிகாகோவை விட்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஒருவரிடம் மாற்றம் நிகழ ஆலோசகரிடம் எவை இருக்க வேண்டும் என்று அவர் வகுத்துச் சொன்ன கட்டுரையும் அதே ஆண்டில்தான் வெளிவந்தது. எதிரில் இருப்பவரின் உலகத்தை அவர் நிலையில் நின்று உணர்வது, எந்த நிபந்தனையும் இல்லாமல் அவரை ஏற்பது, உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே வேறொன்றைக் காட்டாமல் இருப்பது ஆகிய மூன்றும் அதில் முக்கியமானவை. சிகாகோவில் அவரைத் தேடி வந்தவர்கள் உதவி வேண்டும் என்று தாமாகவே வந்தவர்கள். மாடிசன் நகரை அடுத்த மெண்டோட்டா அரசு மருத்துவமனையில் நிலைமை வேறு. அங்கே இருந்தவர்கள் யாரையும் அழைக்கவில்லை. சிலர் பேச மறுத்தார்கள், சிலர் அறைக்குள் வரவே மறுத்தார்கள். ரோஜர்ஸின் சக ஆய்வாளர் யூஜின் ஜெண்ட்லின், வர மறுத்தவரோடு வெளியே நின்றபடியே பழகக் கற்றுக்கொண்டார். ரோஜர்ஸும் பேசாத ஓர் இளைஞரோடு நெடுநேர மௌனங்களில் பொறுமையாக அமர்ந்திருந்தார்.

மெண்டோட்டாவில் நடந்த இந்த ஆய்வின் முடிவுகள் 1967இல் நூலாக வந்தன. கொண்டாட அதில் அதிகம் இல்லை. ஆலோசனை பெற்றவர்களையும் பெறாதவர்களையும் மொத்தமாக ஒப்பிட்டபோது பெரிய வேறுபாடு தெரியவில்லை. உண்மையான புரிதலும் ஒளிவுமறைவற்ற தன்மையும் மிகுந்த உறவு யாருக்குக் கிடைத்ததோ அவர்களிடம்தான் முன்னேற்றம் தென்பட்டது. பாடநூல்கள் இத்துடன் நிறுத்திக்கொள்கின்றன. என்னை உலுக்கியது இதற்கு அடுத்து வருவது.

உறவின் தரத்தை மூன்று தரப்பினர் மதிப்பிட்டார்கள்: ஆலோசகர், நோயாளி, ஒலிநாடாவைக் கேட்டு மதிப்பெண் இட்ட வெளியாட்கள். அனுபவமும் அக்கறையும் மிக்க ஆலோசகர்கள் தங்கள் உறவை உள்ளதைவிட மேலானதாகவே கண்டார்கள். சிலர் முற்றிலும் தவறாகவே கணித்திருந்தார்கள். நோயாளிகளின் மதிப்பீடோ வெளியாட்களின் மதிப்பீட்டை ஒட்டியிருந்தது. மனச்சிதைவு என்று சான்று எழுதி உள்ளே வைக்கப்பட்டிருந்தவர், தன்னை எதிரில் இருப்பவர் மனிதராக நடத்துகிறாரா இல்லையா என்பதை, பட்டம் பெற்ற நிபுணரைவிடச் சரியாகக் கண்டுகொண்டார். ரோஜர்ஸ் இதை மறைக்காமல் எழுதினார். அவருடைய புகழ்பெற்ற நூல்கள் எல்லாவற்றையும்விட இந்த நேர்மையே நம் துறைக்கு அவர் விட்டுச்சென்ற பெரும் செல்வம் என்பேன்.

இழிவின் வேரும் இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு. ஒருவருக்கு மனநோய் வந்துவிட்டது என்று தெரிந்த கணத்திலிருந்து அவர் சொல் எடுபடுவதில்லை. வயிறு வலிக்கிறது என்றால் கற்பனை. சம்பளம் குறைத்துத் தந்தார்கள் என்றால் சந்தேக நோய். கோபப்பட்டால், "மாத்திரை போட்டியா?" மனநல மருத்துவமனை இருக்கும் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப் பெயரையே வசையாக்கிச் சிரித்த தமிழ்த் திரைப்படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

மருந்து தேவையில்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நோய் உண்மையானது, மருந்தும் பலருக்கு இன்றியமையாதது. நோய்க்கணிப்பில் ரோஜர்ஸ் காட்டிய அக்கறையின்மையை நான் பின்பற்றவில்லை. இன்னொரு பழியும் நம் துறையின் மேல் உண்டு. 1948இல் மனநல மருத்துவர் ஃப்ரீடா ஃப்ரோம் ரைக்மான், மனச்சிதைவுக்குத் தாயின் போக்கே காரணம் என்ற கருத்துக்கு ஒரு பெயர் சூட்டினார். ஒரு தலைமுறைத் தாய்மார்கள் அந்தப் பெயரைச் சுமந்தார்கள். நிபந்தனை வைத்த அன்பு பிள்ளையின் ஆளுமையைச் சிதைக்கும் என்ற ரோஜர்ஸின் கருத்தையும் கவனமில்லாமல் கையாண்டால், "வளர்ப்பு சரியில்லை" என்ற ஊர்ப்பேச்சுக்கு நாமே ஆதாரம் தந்தவர்கள் ஆவோம்.

மூளையின் நோய் என்று விளக்கிவிட்டால் இழிவு தீர்ந்துவிடும் என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது. சமூகவியலாளர் பெர்னிஸ் பெஸ்கோசோலிடோ குழுவினர் அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டின் மக்கள் கருத்தையும் 2006ஆம் ஆண்டின் கருத்தையும் ஒப்பிட்டார்கள். மூளை சார்ந்த விளக்கத்தை ஏற்பவர்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. ஆனால் மனநோயாளியோடு பழகவும் அக்கம்பக்கத்தில் வாழவும் இருந்த தயக்கம் குறையவில்லை. நோயைப் பற்றித் தெரிந்துகொண்டார்கள், நோயுற்றவரைத் தெரிந்துகொள்ளவில்லை.

சென்னையில் ஆர். தாரா தலைமையிலான குழு, மனச்சிதைவு நோயால் மணவாழ்க்கை முறிந்த பெண்களிடமும் அவர்களின் குடும்பத்தாரிடமும் நேரில் கேட்டு 2003இல் வெளியிட்ட ஆய்வை இங்கே நினைவுகூர வேண்டும். நோயின் பேரால் வரும் இழிவைவிட, கணவன் விட்டுப்போனவள் என்ற இழிவே பலரை ஆழமாகத் தாக்கியிருந்தது. பலருக்குச் சட்டப்படி விவாகரத்தும் ஆகவில்லை, கணவனிடமிருந்து ஜீவனாம்சமும் இல்லை. தங்களுக்குப் பின் மகளை யார் பார்ப்பார்கள் என்ற கவலை முதிய பெற்றோரை அரித்துக்கொண்டிருந்தது. நூலகத்தில் உட்கார்ந்து இதை யாரும் ஊகித்திருக்க முடியாது. கேட்டதால்தான் தெரிந்தது.

கேட்காததன் விளைவையும் நாம் பார்த்திருக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் தீப்பிடித்த தனியார் மனநலக் காப்பகத்தில் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் தப்பி ஓட முடியவில்லை. அவிழ்த்துவிடுங்கள் என்று அதற்கு முன் அவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்துவிட்டது. அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒருவர் தன் சிகிச்சை பற்றி எடுத்த முடிவு மற்றவர்களுக்குத் தவறாகப் படுகிறது என்பதாலேயே, அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று கொள்ளக் கூடாது என்கிறது. எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 5ஆம் பிரிவு தருகிறது. இந்த உரிமையைப் பற்றி நம் மருத்துவமனைகளில் எத்தனை பேரிடம் எடுத்துச் சொல்கிறோம் என்பதை இந்த இரண்டு நாளில் விவாதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக அவை நடைமுறை பற்றி ஒன்று. இன்று பிற்பகல் அமர்வில் நோயோடு வாழ்ந்தவர்கள் உரையாற்றுகிறார்கள். அவர்களுக்கும் மற்றப் பேச்சாளர்களுக்கு ஒதுக்கிய அதே நேரம்தான். அவர்களிடம் இப்போது என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்காதீர்கள், அவர்கள் முன்வைக்கும் கருத்தின் மேல் கேள்வி கேளுங்கள். மாறுபட்டால் தயங்காமல் வாதிடுங்கள். அவர்கள் நம் ஆய்வுக் கட்டுரைகளைக் குறை சொன்னால், அந்தக் குறைகளும் பெயரோடு கருத்தரங்க மலரில் அச்சேற வேண்டும் என்று அமைப்பாளர்களிடம் கேட்டேன், ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.  முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.