எதில் எத்தனை சதவீதம்?

(கொல்கத்தாவில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அரசியல் வகுப்பில் சதவீதக் கணக்குக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். இந்த நகரத்தின் போராட்ட வரலாறே அதற்கு விடை சொல்கிறது. 1953 ஜூலையில், பிரிட்டிஷ் முதலாளிகளின் கையிலிருந்த கல்கத்தா டிராம் கம்பெனி, இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்தியது. பழைய பைசா அது. நம் ஊரில் காலணா என்போம். காலணாவுக்காக ஒரு நகரமே கொதித்தெழுவதா என்று ஏளனம் செய்யலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். போக ஒன்று, வர ஒன்று. மாதம் 26 வேலை நாள். ஆக 52 காலணா, அதாவது 13 அணா. மாதம் 50 ரூபாய் ஊதியம் பெறும் ஒருவருக்கு இது ஒன்றரை சதவீதத்துக்கும் மேற்பட்ட ஊதிய வெட்டு. அந்தக் கணக்கை மக்கள் தங்கள் மடியிலிருந்தே உணர்ந்தார்கள். தடியடியையும் கைதுகளையும் எதிர்கொண்டு போராடினார்கள். உயர்வு திரும்பப் பெறப்பட்டது.

சிறிய தொகையைச் சொல்லிச் சதவீதத்தை மறைப்பது ஒரு தந்திரம். சதவீதத்தைச் சொல்லித் தொகையை மறைப்பது இன்னொன்று. இரண்டுக்கும் எதிராக நம்மிடம் இருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எதில் எத்தனை சதவீதம், எத்தனை காலத்துக்கு?

இதற்குக் கால்குலேட்டர் வேண்டாம். எந்தத் தொகையிலும் பத்து சதவீதம் என்பது பத்தில் ஒரு பங்கு. அதில் பாதி ஐந்து சதவீதம். 8,400 ரூபாயில் 15 சதவீதம் எவ்வளவு? 840, அதில் பாதி 420, மொத்தம் 1,260. மனக்கணக்கே போதும்.

இனி வட்டிக்கு வருவோம். தமிழ்நாட்டில் நாம் வட்டியை மாதக் கணக்கில் சொல்கிறோம். ‘ரெண்டு வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். ஆண்டுக்கு 24 சதவீதம். ‘அஞ்சு வட்டி’ என்றால் 60 சதவீதம். அஞ்சு வட்டிக்கு வாங்கினான் என்று கேட்டாலே அந்தக் குடும்பம் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஆனால் அதே வட்டியை நமக்குத் தருவதாக ஒருவன் சொன்னால் மட்டும் ஏன் சந்தேகம் எழுவதில்லை?

இந்த நகரில் சஞ்சயிதா என்ற நிதி நிறுவனம் 1975இல் 7,000 ரூபாய் முதலீட்டில் தொடங்கியது. ஆண்டுக்கு 48 சதவீதம் வட்டி தந்தது. பின்னர் 36 ஆகக் குறைத்தது. பத்திரத்தில் எழுதியது 12 சதவீதம்; மீதி கணக்கில் வராத ரொக்கம். அன்று வங்கிகள் நீண்டகால வைப்புக்குத் தந்ததோ ஏறத்தாழ 10 சதவீதம். 48 சதவீதம் என்பது நம் மொழியில் நாலு வட்டி. ஆயிரம் ரூபாய் போட்டவருக்கு மாதம் 40 ரூபாய். 25 மாதம் கொடுத்தால் ஆயிரம் ரூபாய் ஆகிவிடும். அதாவது, ஒரு பைசாகூடச் சம்பாதிக்காமல், அவர் பணத்தையே அவருக்கு இரண்டாண்டுக்கு மேல் ‘வட்டி’யாகக் கொடுக்க முடியும். புதிய பணம் வந்துகொண்டே இருந்தால் அதற்கு மேலும் ஓட்டலாம்.

இடது முன்னணி அரசின் நிதியமைச்சர் தோழர் அசோக் மித்ரா 1980 டிசம்பரில் நடவடிக்கை எடுத்தார். 1978ஆம் ஆண்டின் பணச்சுழற்சித் தடைச் சட்டத்தின் வரையறைக்குள் இது வராது என்று 1982இல் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. சட்டத்தின் வரையறை வேறு. கணக்கின் விதி வேறு. 2013இல் சாரதா நிறுவனம் சரிந்தபோது வங்கத்தின் எளிய மக்கள் லட்சக்கணக்கில் சேமிப்பை இழந்தார்கள். 2022இல் தமிழ்நாட்டில் ஆருத்ரா விவகாரம் வெளிப்பட்டது. பெயர்கள் மாறுகின்றன, கணக்கு மாறவில்லை.

கடன் வாங்கும் இடத்தில் தந்திரம் தலைகீழாக நடக்கிறது. அங்கே சதவீதம் சிறிதாகக் காட்டப்படும். 12,000 ரூபாய் கடன், ‘12 சதவீதம்தான்’, மாதம் 1,120 வீதம் பன்னிரண்டு தவணை என்கிறார்கள். வட்டி 1,440 ரூபாய். ஆனால் முழுக் கடனும் ஆண்டு முழுவதும் நம் கையில் இல்லை. மாதம் ஆயிரம் வீதம் அசல் குறைகிறது. முதல் மாதம் 12,000, கடைசி மாதம் 1,000. சராசரியாக நம்மிடம் இருந்தது 6,500 ரூபாய்தான். அதற்கு 1,440 என்றால் உண்மை வட்டி ஏறத்தாழ 22 சதவீதம். தொடக்கத்திலேயே பிடித்துக்கொள்ளும் கட்டணத்தைச் சேர்த்தால் இன்னும் கூடும். சுயஉதவிக் குழுக்களில் பணியாற்றும் தோழர்கள் இதைக் காகிதத்தில் எழுதிக் காட்ட வேண்டும்.

தொழிற்சங்கத் தோழர்களுக்கு ஒரு சொல். ஊதியத்தில் 10 சதவீதம் குறைத்துவிட்டுப் பிறகு 10 சதவீதம் உயர்த்தினால் பழைய நிலை வந்துவிட்டதாக நிர்வாகம் சொல்லும். நூறு தொண்ணூறாகிறது, தொண்ணூறில் பத்து சதவீதம் ஒன்பதுதான், கைக்கு வருவது 99. சதவீதம் ஒன்றே, அடித்தொகை வேறு. பேச்சுவார்த்தை மேசையில் இதைக் கவனிக்காதவர் ஒரு ரூபாயை நிரந்தரமாக இழக்கிறார்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஏமாந்தவர்கள் பேராசைக்காரர்கள், கணக்குத் தெரியாதவர்கள் என்று சொல்லி முடித்துவிடுவது ஆளும் வர்க்கத்தின் பேச்சு. வங்கிக் கிளை எட்டாத ஊரில், தினக்கூலியின் ஐம்பது ரூபாயை வீட்டு வாசலில் வந்து வாங்கிக்கொள்ள ஆள் இல்லாதபோது, தெரிந்த முகமாக முகவர் வருகிறார். 1969இல் வங்கிகள் தேசவுடைமையானது அந்த இடைவெளியை நிரப்பத்தான். பொதுத்துறை வங்கி பின்வாங்கும் இடத்தில்தான் கந்துவட்டிக்காரனும் மோசடிக் கம்பெனியும் கடை விரிக்கிறார்கள். எனவே கணக்குக் கற்பிப்பதும், பொதுத்துறை வங்கிக்கும் அஞ்சலகச் சேமிப்புக்கும் போராடுவதும் ஒரே பணியின் இரு பகுதிகள்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு ஒவ்வொரு தோழரும் தம் பகுதியிலிருந்து ஒரு கடன் அட்டையையாவது கொண்டு வாருங்கள். உட்கார்ந்து கணக்குப் போடுவோம். காலணாவின் கனத்தை அறிந்த நகரம் இது. அந்த அறிவை நாம் மறக்க வேண்டாம்.