ஊரோடு தங்கிப் பார்க்கிற ஆய்வு

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



நம்ம குழுக்களைப் பற்றித் தெரிஞ்சுக்க யார் யாரோ வர்றாங்க. நிறையப் பேர் கேள்வித்தாளோடு வருவாங்க. "கடன் எதுக்கு வாங்கினீங்க?" என்றால் நாமும் "கறவை மாட்டுக்கு"ன்னு சொல்லிடுவோம். கடன் மனுவில் அப்படித்தானே எழுதியிருக்கு! சிலர் மட்டும் மாதக்கணக்கில் ஊரிலேயே தங்கி, நம்மோடு களையெடுக்க வந்து, குழுக் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து, பார்த்ததை ராத்திரி எழுதி வைப்பார்கள். இதற்குச் சமூகவியலில் 'பங்கேற்று உற்றுநோக்கல்' என்று பெயர். எழுதப்படுவது நம்ம வாழ்க்கை என்பதால், இந்த முறையின் நிறைகுறை நமக்கும் தெரியணும்.

வங்கதேசத்தைப் பாருங்க. ஏழைப் பெண்களுக்குக் குழுவாகச் சிறுகடன் கொடுத்து உலகப் புகழ் பெற்றது அங்குள்ள கிராமீன் வங்கி. தவணை ஒழுங்காக வருது என்று கணக்கு சொன்னது. 1994-95ல் அமினூர் ரஹ்மான் என்ற ஆய்வாளர் டாங்கைல் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் கடன் வாங்கிய பெண்களோடு பழகிப் பார்த்தார். பல வீடுகளில் கடன் பெண் பேரில், பணம் ஆண் கையில். ஒருத்தி கட்டலைன்னா மற்றவர்கள் நெருக்குகிறார்கள். பழைய கடனை அடைக்கப் புதுக் கடன். அதனால் வீட்டில் சண்டை, அடி. 1999ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். கேள்வித்தாளோடு அரைமணி நேரம் வந்து போறவரிடம் இதையெல்லாம் யார் சொல்லுவா?

ஆனால் ஒரு கிராமத்தில் கண்டதை வச்சு, எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. எத்தனை பேருக்கு இந்த நிலை என்று அறிய, கணக்கெடுப்பும் வேணும்.

தங்குகிற இடமும் முக்கியம். 1961-62ல் ஆந்த்ரே பெத்தேய் என்ற சமூகவியலாளர் தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஆய்வு செய்தார். (ஊரின் உண்மைப் பெயரை மறைத்து 'ஸ்ரீபுரம்' என்று எழுதினார்.) தங்கியது அக்கிரகாரத்தில். அதனால் ஆதிதிராவிடர் தெருவில் அதேபோல் பழக முடியவில்லை. 1965ல் வந்த புத்தகத்தில் அதை அவரே சொல்லியிருக்கிறார். மறைக்காமல் சொன்னாரே, அது பெரிய விஷயம். நம்ம ஊரிலும் வர்றவங்க குழுத் தலைவி வீட்டில்தான் தங்குவாங்க. தவணை கட்ட முடியாமல் குழுவை விட்டு நின்னுபோனவளை அவர்கள் பார்ப்பார்களா?

இன்னொண்ணு, பேரை மாற்றினால் போதுமா? 'பால் டிப்போவுக்கு எதிர் வீட்டு விதவை' என்று எழுதினால் ஊருக்கே தெரிஞ்சிடுமே!

அதனால் அடுத்து யாராவது தங்க வந்தால் முதல் கூட்டத்திலேயே கேளுங்க. எத்தனை நாள் இருப்பீங்க? எந்தெந்தத் தெருவுக்குப் போவீங்க? எழுதினதை அச்சுக்குப் போகும் முன்னே எங்களுக்குத் தமிழில் வாசிச்சுக் காட்டுவீங்களா? பதில்களைத் தீர்மான நோட்டில் எழுதி, அவங்க கையெழுத்தையும் வாங்கிடுங்க. பேசி முடிச்ச பிறகு மனசு உறுத்தினா, "அக்கா, அதை மட்டும் எழுதாதீங்க"ன்னு தயங்காமல் சொல்லலாம்.