வேலை கேட்டு வந்தவரிடம் என்ன கேட்பது?

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



மின்பொறியியல் கற்கும் மாணவன் என்றபடியால் மின்சாரத்தைப் பற்றி ஏதேனும் பேசுவேன் என்று எண்ணியே செயலாளர் என்னை அழைத்திருப்பார். மின்சாரத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் அதனை ஆக்கும் யந்திரங்களைப் பற்றியன்று. அந்த யந்திரங்களுக்கும் வயர்களுக்கும் படம் வரைகின்ற மனிதரைப் பற்றிப் பேசப் போகிறேன். ஒரு கம்பனி தனது தொழில்நுட்பக் குழுவிலே மின் வடிவமைப்பாளர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ள விரும்புகின்றது. பத்துப் பேர் விண்ணப்பித்திருக்கின்றனர். அப்பத்துப் பேருள் ஒருவரை எவ்வாறு தெரிந்தெடுப்பது? இங்கே அமர்ந்திருக்கும் இளைஞரிற் பலர் நாளை மேசைக்கு இப்பக்கம் இருந்து விடை சொல்ல வேண்டியவர்கள். பெரியோரிற் சிலர் அப்பக்கம் இருந்து கேள்வி கேட்டுப் பழகியவர்கள். ஆகவே இது இரு திறத்தாருக்கும் உரிய விஷயமேயாகும்.

வடிவமைப்பாளர் வயர் இழுப்பவர் அல்லர். ஏணியில் ஏறுபவரும் அல்லர். அவர் கையிலிருந்து வெளிவருவது கடதாசி. இக்காலத்திலே கணினித் திரையில் வரைந்த படம். எந்த வயர் எவ்வளவு பருமன், எந்த உருகி எத்தனை அம்பியரில் அறவேண்டும், புவித்தொடுப்பு எங்கே, ஆளிப்பலகைக்குள் எந்தப் பொருளுக்குப் பக்கத்தில் எது என்பனவெல்லாம் அப்படத்தினுள் அடங்கும். மேசன் பிழையாகக் கட்டிய சுவர் ஒரு வீட்டுச் சுவர் மாத்திரமே. படத்திலுள்ள பிழையோ அப்படத்தைப் பார்த்துக் கட்டிய ஒவ்வொரு வீட்டினுள்ளும் புகுந்து, சாந்து பூசிய சுவருக்குள் மறைந்து கிடக்கும். வயர் சூடேறி ஒருநாள் புகையும் வரைக்கும் அதனை ஒருவரும் காணார்.

ஓர் எளிய உதாரணம் சொல்கிறேன். வேலை கேட்டு வந்த இருவரிடம் நாம் இப்படிக் கேட்கிறோம்: "தோட்டக் கிணற்றில் ஒரு தண்ணீர்ப் பம்பி. 230 வோல்ற்று மின்சாரம். பம்பி ஓடும்போது 10 அம்பியர் எடுக்கும். என்ன வயர் போடுவீர்?" ஒருவர் உடனே, "2.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர். அது சாதாரணமாக 20 அம்பியருக்கு மேலும் தாங்கும்" என்கிறார். விரைவான விடை, அட்டவணையிலும் அப்படித்தான் இருக்கிறது. மற்றவர் சற்று நேரம் பேசாமல் இருந்து, "கிணறு வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்?" என்று நம்மையே திருப்பிக் கேட்கிறார்.

அந்தக் கேள்வியிலேதான் எல்லாம் இருக்கிறது. தூரம் 10 மீற்றராயின் முதலாமவர் சொன்னது சரி. 100 மீற்றராயின், போகவும் வரவும் அந்த வயரின் தடை சூடேறிய நிலையில் ஏறக்குறைய 1.8 ஓம். 10 அம்பியர் அதனூடே ஓடினால் வழியிலேயே 18 வோல்ற்று தொலைந்து போகும். பம்பிக்குக் கிடைப்பது 212. பிரித்தானிய வயரிங் விதிகள் இத்தகைய வேலைக்கு நூற்றுக்கு 5 பங்கு வீழ்ச்சியையே ஏற்கும். அதாவது பதினொன்றரை வோல்ற்று. 4 சதுர மில்லிமீற்றர் வயர் மட்டுமட்டாக அவ்வெல்லைக்குள் அடங்கும். 6 போட்டால் மனம் நிம்மதியாக இருக்கலாம். பம்பி புறப்படும் கணத்தில் எடுப்பதோ 10 அம்பியரன்று, அதிற் பல மடங்கு. அப்போது வோல்ற்று இன்னும் வீழும். மோட்டார் சுழல மாட்டாமல் முனகிக்கொண்டு நின்று சூடேறும். இப்படிச் சில தடவை நடந்தால் சுருள் கருகிவிடும். வீட்டுக்காரர் பம்பி விற்ற கடைக்காரரை ஏசுவார். படம் வரைந்தவரை ஏசுவதற்கு அவருக்குத் தோன்றாது.

முதலாமவரை மூடர் என்று தள்ளிவிடலாகாது. எங்கள் பரீட்சை வினாத்தாள்களிலே வேண்டிய எண்கள் யாவும் தரப்பட்டிருக்கும். தரப்பட்டவை யாவும் வேண்டியனவாகவும் இருக்கும். அதிற் பழகிய மாணவன், தராத எண் ஒன்று உண்டு என்று எவ்வாறு ஐயுறுவான்? நானும் அப்பழக்கத்தில் வளர்ந்தவன்தான். ஆனால் தொழிலிலே எவரும் எண்களை நிரைப்படுத்தித் தருவதில்லை. "கிணற்றுக்குக் கரண்ட் வேணும்" என்று மாத்திரமே சொல்வார்கள்.

தூரமும் செம்பும் பற்றிய இக்கணக்கு மின்விளக்கோடு கூடப் பிறந்தது. 1878ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் நியூ ஜேர்சியிலுள்ள மென்லோ பார்க் என்னும் ஊரில் தோமஸ் எடிசன் மின்விளக்கு ஆராய்ச்சியில் இறங்கியபோது, அவருக்கு விளக்கு மாத்திரம் பிரச்சினையன்று. ஒரு நகரத்தின் தெருக்களுக்கு அடியில் ஓடவேண்டிய செம்பின் விலை அதனிலும் பெரிய பிரச்சினை. அவ்வாண்டிலே பிரான்சிஸ் அப்ரன் என்னும் இளைஞரை அவர் வேலைக்கு எடுத்தார். அப்ரன் பிரின்ஸ்ரனிற் பயின்றவர். பேர்லினிலே ஹெல்ம்ஹோல்ற்ஸ் என்ற பேரறிஞரிடமும் படித்தவர். எடிசனோ பள்ளிக்கூடத்து வாசலை அதிகம் மிதியாதவர். கணிதம் தெரிந்த அந்த இளைஞருக்கு "கல்ச்சர்" என்று பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்தாராம். கேலி ஒரு புறம் இருக்க, விளக்கின் தடையை உயர்த்தினால் மின்னோட்டம் குறையும், மின்னோட்டம் குறைந்தால் மெல்லிய செம்பு போதும் என்னும் வழியில் கணக்குகளைச் செய்து உதவியவர் அப்ரன். 1882இல் நியூயோர்க் நகரத்துப் பேர்ள் வீதி மின்நிலையம் ஒளி கொடுத்தபோது அக்கணக்குகளும் அதனுள் இருந்தன. தனக்கு இல்லாத திறமை எது என்று அறிந்து, அத்திறமை உடையவரை எடிசன் எடுத்தார்.

அதே எடிசன் 1921இல் செய்தது வேறு. தம் தொழிலகங்களிலே மேற்பதவி கேட்டு வந்த பட்டதாரிகளுக்கு ஏறக்குறைய 150 வினாக்கள் கொண்ட ஒரு பரீட்சை வைத்தார். பிரான்சின் எல்லையிலுள்ள நாடுகள் எவை, வொல்கா நதி எங்கே ஓடுகிறது என்ற இவ்வகையான வினாக்களும் அதில் இருந்தன. பெரும்பாலோர் தேறவில்லை. வினாக்கள் பத்திரிகைகளில் வெளிவந்து நாடு முழுவதும் அதுவே பேச்சாயிற்று. அந்த ஆண்டு அமெரிக்காவுக்கு வந்திருந்த ஐன்ஸ்ரைனிடம் ஒலியின் வேகம் என்ன என்று கேட்டார்கள். புத்தகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடக்கூடியதைத் தாம் மனத்திற் சுமந்துகொண்டு திரிவதில்லை என்ற கருத்துப்பட அவர் விடையிறுத்தார்.

இதனைக் கேட்டு இங்குள்ள மாணவர் சிலர் மகிழ்வது தெரிகிறது. அவ்வளவு மகிழ வேண்டாம். மனனம் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. செம்பின் குணமும் ஓமின் விதியும் நெஞ்சில் ஊறாதவருக்கு எந்தப் புத்தகத்தை விரிப்பது என்பதே தெரியாது. என் குறை வேறு. எடிசனுடைய பரீட்சை, ஒருவர் என்ன அறிந்திருக்கிறார் என்பதை அளந்தது. அறியாத இடத்துக்கு வந்தபோது என்ன செய்வார் என்பதை அளக்கவில்லை. வடிவமைப்பாளரோ தம் நாளிற் பாதியை அந்த அறியாத இடத்திலேயே கழிப்பவர்.

இனி ஒரே கம்பனியைச் சேர்ந்த இருவரின் கதையைச் சொல்கிறேன். 1892இல் எடிசனின் கம்பனியும் இன்னொன்றும் இணைந்து ஜெனரல் எலெக்ரிக் என்னும் கம்பனி உண்டாயிற்று. அதன் பெரிய தொழிற்சாலை நியூயோர்க் மாநிலத்து ஸ்கெனெக்ரடி நகரத்தில் இருந்தது.

சார்ள்ஸ் ஸ்ரைன்மெற்ஸ் 1865இல், அப்போது பிரஷ்யாவைச் சேர்ந்திருந்த பிறெஸ்லோ நகரிற் பிறந்தவர். கூன் முதுகு, நான்கடி அளவான உயரம். பல்கலைக்கழகத்திற் படிக்கும்போது அரசியற் காரணத்தால் நாட்டை விட்டு ஓட நேர்ந்தபடியால் அவருக்குக் கலாநிதிப் பட்டம் கைக்கு எட்டவில்லை. 1889இல் நியூயோர்க் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது, அவருடைய உருவத்தையும் வெறுங்கையையும் கண்ட அதிகாரிகள் உள்ளே விடத் தயங்கினர். கூட வந்த நண்பர் பொறுப்பேற்றபடியால் தப்பினார். யொங்கர்ஸ் என்னும் ஊரிலே ருடோல்ப் ஐக்கமையர் என்பவர் தொப்பி செய்யும் யந்திரங்களும் மின் மோட்டார்களும் செய்துகொண்டிருந்தார். அவர்தாமும் 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் ஜேர்மனியை விட்டு வந்தவர். அவர் இந்த அகதிக்குப் படவரைஞர் வேலை கொடுத்தார்.

அக்காலத்திலே மாறுமின்னோட்ட யந்திரம் ஒன்றின் இரும்பு எவ்வளவு சக்தியைச் சூடாக விழுங்கும் என்பதை, யந்திரத்தைச் செய்து ஓட்டிப் பார்த்த பின்பே அறிய முடிந்தது. ஸ்ரைன்மெற்ஸ் அளந்து அளந்து, படம் வரையும்போதே அவ்விழப்பைக் கணக்கிட ஒரு விதி கண்டு, 1892இல் வெளியிட்டார். அதன் பின் ஜெனரல் எலெக்ரிக் ஐக்கமையரின் கம்பனியை வாங்கியது. வாங்கிய காரணங்களுள் முக்கியமான ஒன்று அந்தக் கூனற் படவரைஞரே என்பர். ஒரு மனிதருக்காக ஒரு கம்பனியை வாங்குவதும் ஆளெடுக்கும் முறைகளில் ஒன்றுதான். செலவு கூடிய முறை!

மற்றவர் ஈடித் கிளாக் அம்மையார். 1883இற் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, முதுசமாக வந்த பணத்தைப் படிப்பிற் செலவிட்டவர். 1919இலே எம். ஐ. ரி. என்னும் புகழ்பெற்ற கல்வி நிலையத்திலே மின்பொறியியலில் முதுமாணிப் பட்டம் பெற்ற முதற் பெண் அவர். பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடியும் எஞ்சினியர் வேலை ஒருவரும் கொடுக்கவில்லை. ஜெனரல் எலெக்ரிக் அவரை ஸ்கெனெக்ரடியில், கணக்குப் போடும் பெண்களுக்கு மேற்பார்வையாளராக எடுத்தது. எஞ்சினியர்கள் சூத்திரத்தைக் கொடுப்பார்கள். பெண்கள் கணக்கைப் போட்டுக் கொடுப்பார்கள். அந்த இடத்திலிருந்தே அவர், நெடுந்தூர மின்கம்பிகளுக்குரிய கடினமான சமன்பாடுகளைப் படத்தின் உதவியால் விரைவிலே தீர்க்கும் கருவி ஒன்றை ஆக்கி, 1921இலே அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அவ்வாண்டே வேலையை விட்டுத் துருக்கியிலுள்ள பெண்கள் கல்லூரிக்குக் கற்பிக்கப் போய்விட்டார். 1922இல் அதே கம்பனி அவரை எஞ்சினியராகவே எடுத்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்னும் அவர் அதே ஆள்தான், அதே பட்டந்தான்.

இந்த இருவர் கதையையும் கேட்டு, திறமை எப்படியும் வெளிவந்தே தீரும் என்று ஆறுதல் கொள்வோர் உண்டு. எனக்கு அந்த ஆறுதல் இல்லை. ஸ்ரைன்மெற்ஸையும் கிளாக்கையும் நாம் அறிவது அவர்கள் ஈற்றில் உள்ளே புகுந்தபடியால் மாத்திரமே. துறைமுகத்திலே நண்பர் கூட இல்லாமற் போயிருந்தால்? தகுதியற்ற ஒருவரை எடுத்துவிட்டால் கம்பனி ஆறு மாதத்துக்குள் அதனை அறிந்துகொள்ளும். கருகிய மோட்டார் காட்டிக் கொடுத்துவிடும். தகுதியான ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட்டால் அதனைக் காட்டிக் கொடுக்க எதுவுமே இல்லை. அவர் வீதியைக் கடந்து போய்விடுவார். மேசைக்கு அப்பால் இருப்பவர் தாம் நல்ல தெரிவு செய்ததாகவே நம்பிக்கொண்டிருப்பார்.

இன்று வருகின்ற வேலை விளம்பரங்களைப் பாருங்கள். இன்ன இன்ன கணினி மென்பொருள் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு நிரை. இத்தனை ஆண்டு அனுபவம் என்று ஒரு வரி. மென்பொருள் வேண்டியதுதான். ஆனால் 100 மீற்றருக்குப் பதிலாக 10 மீற்றர் என்று கொடுத்தாலும் அது முகம் சுளிக்காமல் அழகான படமொன்றைத் தந்துவிடும். "தம்பி, கிணறு எங்கே?" என்று அது கேட்காது.

ஆகவே, ஆளெடுக்கும் பெரியோரிடம் நான் சொல்லக்கூடியது இதுதான். வருபவரிடம் அவர் முன்பு வரைந்த படம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். படிப்பை இப்போதுதான் முடித்தவராயின் படிப்பில் வரைந்ததே போதும். அதில் ஒரு வயரைச் சுட்டி, இது ஏன் இந்தப் பருமன் என்று கேளுங்கள்; ஏன், ஏன் என்று மூன்று முறை கேட்டால் அவர் நிற்கும் நிலம் தெரிந்துவிடும். அல்லது, பிழை வைத்த படம் ஒன்றைக் கொடுத்து அரைமணி நேரம் தனியே விடுங்கள். புவித்தொடுப்பை விட்டுவிட்ட படமாக இருந்தால் நல்லது. இல்லாத ஒன்றைக் காண்பது, இருக்கும் பிழையைக் காண்பதிலும் கடினம். "எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்ற விடைக்கும் புள்ளி உண்டு என்று முதலிலேயே சொல்லி வையுங்கள். சொல்லாவிட்டால் எங்களில் எவரும் அப்படிச் சொல்லத் துணிய மாட்டோம்.

இன்னுமொன்று. நேர்முகப் பரீட்சை மேசையிலே எஞ்சினியரும் கணக்காளரும் இருப்பார்கள். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்று வயர் இழுக்கும் வயர்மன் அங்கே இருப்பதில்லை. வடிவமைப்பாளர் யாருக்காகப் படம் வரைகிறாரோ அவருக்கு அம்மேசையில் இடமில்லை! முப்பது வருடம் வயர் இழுத்த ஒருவரைக் கூப்பிட்டு அங்கே இருத்துங்கள். "தம்பி, இந்தக் குழாய்க்குள்ளே இத்தனை வயரையும் எப்படிப் புகுத்துறது?" என்று அவர் கேட்கும்போது வந்தவரின் முகத்தைப் பாருங்கள். சிலர் சிரித்துச் சமாளிப்பார்கள். பென்சிலை எடுத்து, "நீங்கள் என்றால் எப்படிப் போடுவீர்கள், ஐயா?" என்று கேட்பவர் வந்திருந்தால், அவரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

கேள்விகள் இருந்தால் சபையோர் கேட்கலாம்.