கவர்னர் பங்களா நாற்காலிக்குப் பணம் கொடுத்தது யார்?

(ஆண்டாப் ஹில் கிளைக் கூட்டத்தில் ஓர் அங்கத்தினர் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் வரவு செலவு வாசித்தபோது ஒரு மாமா எழுந்து, "நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினோமே, யாரைக் கேட்டு வாங்கினோம்?" என்று கேட்டார். பொருளாளருக்கு முகம் வாடிவிட்டது. எனக்கோ சந்தோஷம். முப்பத்து நாலு வருஷம் ஆடிட்டில் குப்பை கொட்டியவன் நான். டெட் ஸ்டாக் ரிஜிஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக நாற்காலி எண்ணியவன். அன்று வீட்டுக்குப் போனதும், இதே கேள்வியை கவர்னர் மாளிகையில் யாராவது கேட்டிருப்பார்களா என்று யோசித்தேன். அந்த யோசனைதான் இன்றைய பேச்சு.

இங்கிருந்து பரேல் எவ்வளவு தூரம்? அங்கே இருக்கிற ஹாஃப்கின் இன்ஸ்டிடியூட் கட்டடம் ஒரு காலத்தில் பம்பாய் கவர்னரின் பங்களா என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1899இல்தான் அது பிளேக் ஆராய்ச்சிக்கூடம் ஆயிற்று. அதற்கு முன்பே கவர்னர் மலபார் பாயிண்டுக்குக் குடி போய்விட்டார். பரேல், மலபார் பாயிண்ட், புனாவில் கணேஷ்கிண்ட் என்று ஒரே மனிதருக்கு எத்தனை வீடுகள்! அத்தனைக்கும் கட்டில், மேஜை, சரவிளக்கு வேண்டாமா?

கம்பெனி காலத்திலேயே இந்தக் கதை ஆரம்பம். கல்கத்தாவில் வெல்லெஸ்லி பிரபு 1799இல் தொடங்கி 1803இல் ஒரு மாளிகையைக் கட்டி முடித்தார். கட்டடத்துக்கு மட்டும் 63,291 பவுண்டு. லக்னோவில் 1800இல் காலமான க்ளாட் மார்ட்டின் என்ற பிரெஞ்சுக்காரரின் சொத்து ஏலத்துக்கு வந்தபோது, நிலைக்கண்ணாடிகளும் சரவிளக்குகளும் இந்த மாளிகைக்காக வாங்கப்பட்டன. லண்டன் டைரக்டர்களுக்கு மகா கோபம். தங்கள் லாபம் குறைகிறதே என்ற கோபம்தான் அது. பணம் வந்ததோ வங்காளத்து நிலவரியிலிருந்து. அந்தக் குடியானவனை யாரும் கேட்கவில்லை.

நம் சென்னையிலும் அதே சமயம் கிளைவின் பிள்ளை, எட்வர்ட் கிளைவ், திப்புவை ஜயித்த ஞாபகார்த்தமாக விருந்து மண்டபம் ஒன்றை எழுப்பினார். 1802இல் முடிந்தது. இன்றைய ராஜாஜி ஹால் அதுதான். ராஜாஜி பெயரை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

கணேஷ்கிண்டுக்கு வருவோம். அமெரிக்க உள்நாட்டுப் போரினால் பம்பாயில் பருத்திப் பணம் கொழித்த 1864இல் சர் பார்ட்டில் ஃப்ரேர் ஆரம்பித்த வேலை அது. அடுத்த வருஷமே பருத்தி விலை சரிந்து பல பேர் திவால். ஆனால் மாளிகை வேலை நிற்கவில்லை. 1871இல் முடியும்போது 1,75,000 பவுண்டு ஆகியிருந்தது. இப்போது அது புனா பல்கலைக்கழகத்தின் பிரதான கட்டடம்.

இந்த ஆடம்பரத்துக்கு எங்கே கண்டனம் எழுந்தது தெரியுமோ? லண்டன் பார்லிமெண்டில்! பணம் கொடுத்தவன் கொங்கணத்து விவசாயி, கேள்வி கேட்க உரிமை உள்ளவன் ஆறாயிரம் மைலுக்கு அப்பால். அங்கே ஹென்றி ஃபாஸெட் என்று ஒரு அங்கத்தினர், கண் பார்வை இல்லாதவர். 1867இல் துருக்கி சுல்தானுக்கு லண்டனில் கொடுத்த நடன விருந்தின் செலவை இந்தியக் கஜானா தலையில் கட்டினபோது, எதிர்த்துக் குரல் கொடுத்தவர் அவர். கண் உள்ளவர்கள் பேசாமல் இருந்தார்கள்.

காந்திஜி 1930 மார்ச்சில் வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தில் கணக்கே போட்டுக் காட்டினார். வைஸ்ராய்க்கு நாள் ஒன்றுக்கு 700 ரூபாய்க்கு மேல், சராசரி இந்தியனுக்கு இரண்டணாவுக்கும் குறைவு. ஐயாயிரம் மடங்குக்கு மேல். வீடும் மேஜை நாற்காலியும் அந்த 700இல் சேர்த்தியில்லை.

எனக்கு மிகவும் சுவாரசியமானது 1935ஆம் வருஷச் சட்டம். பென்ஷன்காரனுக்கு வேறு என்ன வேலை, உட்கார்ந்து படித்தேன். சென்னை, பம்பாய் கவர்னர்களுக்கு வருஷம் 1,20,000 ரூபாய் சம்பளம். பதவி ஏற்க வரும்போது பிரயாணத்துக்கும் தளவாடங்களுக்கும் தனி அலவன்ஸ். பதவியைக் கௌரவமாக நடத்தத் தேவையான ஏற்பாடுகள் தனி. எல்லாம் மாகாண வருமானத்திலிருந்து. 78, 79ஆம் பிரிவுகளின்படி இதற்குச் சட்டசபையில் ஓட்டு கிடையாது. அதுகூடப் பரவாயில்லை, ஓட்டு இல்லாத மற்றச் செலவுகளை விவாதிக்கவாவது செய்யலாம். கவர்னர் செலவைப் பற்றி மட்டும் விவாதமே கூடாது!

யோசித்துப் பாருங்கள். 1937இல் சென்னையில் ராஜாஜியும், பம்பாயில் பி.ஜி. கேரும் பிரதம மந்திரிகள். காங்கிரஸ் மந்திரிகள் மாதம் 500 ரூபாய் வாங்கினார்கள். கவர்னருக்கு மாதம் பத்தாயிரம். பட்ஜெட் போடுகிறவர் ராஜாஜி, ஆனால் கவர்னர் மாளிகைச் செலவு இவ்வளவு எதற்கு என்று அவருடைய சபையில் பேச முடியாது.

பத்து வருஷம் கழித்து அதே ராஜாஜி கல்கத்தா மாளிகைக்குக் கவர்னராகப் போனார். 1948இல் டில்லி மாளிகைக்குக் கவர்னர் ஜெனரலாக. வைஸ்ராய்களின் படாடோபமான அறைகள் வேண்டாமென்று சிறிய அறைகளுக்கு மாறிக்கொண்டார். உணவுப் பஞ்ச சமயம் என்பதால் வளாகத்தில் கோதுமை பயிரிடச் செய்தார்.

பிறகு நம் அரசியல் சட்டம். 158ஆம் ஷரத்துப்படி கவர்னருக்கு வாடகையில்லாத வீடு. 202இன்படி அவர் பதவிக்கான செலவு மாநில நிதியின்மேல் நேராக விழும். இன்றைக்கும் ஓட்டு கிடையாது. ஆனால் 203ஆம் ஷரத்தில் அந்தப் பழைய விலக்கை எடுத்துவிட்டார்கள். சபையில் விவாதிக்கலாம். 1935க்கும் 1950க்கும் நடுவில் மாறியது சட்டத்தில் ஒரு வரிதான். அந்த வரிக்காகத்தான் நான் இத்தனை நேரம் உங்களைப் பிடித்து வைத்தேன்.

நேரமாகிவிட்டது, காபி ஆறுகிறது என்று மாமிகள் ஜாடை காட்டுகிறார்கள். நாற்காலி ரசீதுகள் இந்த மேஜைமேல் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பழக்க தோஷம், பேச வருவதற்கு முன் நான் ஒரு தடவை எண்ணிப் பார்த்தேன். முப்பத்தெட்டுதான் இருக்கிறது. மீதி இரண்டு எங்கே என்று பொருளாளர் இப்போது சொல்வார்.