அமைதி யாருக்கு?

சென்னையின் இரைச்சலும் வாடகையும் தாங்காமல், செங்கல்பட்டில் குடியேறுவதே சுகம் என்று பலர் சொல்லுகிறார்கள். அதை நாம் மறுக்கவில்லை. கொளவாய் ஏரிக் காற்று இருக்கிறது, மின்சார ரயிலேறினால் தாம்பரத்துக்கும் எழும்பூருக்கும் வேலைக்குப் போய்த் திரும்பலாம், காஞ்சிபுரமும் கிட்டத்தில்தான். 2019ல் தனி ஜில்லாவுக்குத் தலைநகரமும் ஆகிவிட்டது. பட்டணத்துச் சம்பளமும் சிறிய ஊரின் நிம்மதியும் ஒருங்கே கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

ஆனால், வீடு தேடிப் போகிறவனிடம் வாடகையைப் பேசுமுன், "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று கேட்பார்களேயானால், அந்த நிம்மதி யாருக்கு என்று நாம் கேட்கிறோம். இக்கேள்வி சென்னையில் இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. சிறிய ஊரில் ஒருவரையொருவர் அறிந்திருப்பது நல்லதுதான். ஆனால் மனிதனை அறிவது வேறு, அவன் ஜாதியை அறிவது வேறு அல்லவா?

இதே செங்கல்பட்டில்தான் 1929 பிப்ரவரியில் முதலாவது மாகாண சுயமரியாதை மகாநாடு கூடி, ஜாதிப் பட்டங்களை விட்டொழிக்க வேண்டுமென்றும், பெண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டுமென்றும் தீர்மானித்தது. பெண்ணுக்குக் குடும்பச் சொத்தில் சமபங்கு என்பது 1989ல் தமிழ்நாட்டில் சட்டமாயிற்று. பட்டமும் பலர் பெயரைவிட்டுப் போயிற்று. ஆனால் பெயரைவிட்டுப் போனது வீட்டு வாசற்படியில் கேள்வியாக உட்கார்ந்திருக்கிறது!

ஆகவே, வீட்டுக்காரத் தோழர்களே! வாடகையைக் கேளுங்கள், முன்பணத்தைக் கேளுங்கள், ஜாதியைக் கேளாதீர்கள். குடிவருகிற தோழர்களே! கேட்டாலும் சொல்லாதீர்கள். அன்றுதான் இவ்வூர் அமைதி எல்லோருக்கும் பொதுவாகும்.