ஆற்றுமீனுக்குச் சாட்சி யார்?

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



சட்டம் படித்தவர்க்கு மீனைப் பற்றி என்ன தெரியும் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நியாயமான ஐயமே. ஆயினும் ஒரு மீனினம் அழிகின்றது என்று நிறுவுவதற்கும் சாட்சியம் வேண்டும். அவ்வகையில் இது எமது தொழிலுக்கு அந்நியமான விடயம் அன்று.

காவிரியில் நிகழ்ந்ததை முதலிற் கூறுவோம். அங்கே கூன்முதுகு மாசீர் என்னும் பெருமீன் வாழ்கின்றது. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. செட்டைகள் செம்மஞ்சள் நிறமானவை. 1946ஆம் ஆண்டு காவிரியின் துணையாறான கபினியில் தூண்டிலில் அகப்பட்ட மாசீர் ஒன்று 120 இறாத்தல் நிறையுடையதாயிருந்தது.

கருநாடகத்தில் கலிபோரே என்னுமிடத்தில், ஆற்றங்கரையிலே, தூண்டிற்காரர்க்கென ஒரு பாசறை இருந்தது. பிடித்த மீனை நிறுத்துவிட்டு உயிரோடு ஆற்றில் விடுவதே அங்கு விதி. முன்னர் களவாக மீன் பிடித்த ஊரவர் சிலரே இத்தகைய பாசறைகளில் வழிகாட்டிகளாகவும் காவலராகவும் அமர்த்தப்பட்டனர். எந்த மீன், என்ன நிறை, எத்தனை மணிநேரம் தூண்டில் போடப்பட்டது என்பன குறிக்கப்பட்டுவந்தன. 1998 முதல் 2012 வரை, 23,620 மணிநேரத்தில் 6,161 மாசீர்கள் பிடித்து விடப்பட்டமை அக்குறிப்புகளால் தெரிகின்றது.

அட்றியன் பிண்டர், ராஜீவ் ராகவன், றொபேட் பிரிட்டன் என்னும் ஆராய்ச்சியாளர் அவற்றைக் கணக்கிட்டு 2015இல் முடிவை வெளியிட்டனர். மீனின் தொகை பெருகியிருந்தது. சராசரி நிறையோ குறைந்திருந்தது. பெருகியது நீலச்செட்டை மாசீர். அது காவிரிக்கு உரியதன்று. ஆற்றில் மீன்வளம் பெருகட்டும் என்ற நல்லெண்ணத்தோடு வெளியிலிருந்து கொணர்ந்து விடப்பட்டது. கூன்முதுகு மாசீரின் இளமீன்கள் மிக அரிதாகிவிட்டன. மீன் நிறைய உண்டென்று கரையில் நின்றோர் மகிழ்ந்திருக்க, ஆற்றுக்குரிய மீன் மறைந்துகொண்டிருந்தது. கண்கண்ட சாட்சி மட்டும் இருந்திருந்தால் எல்லாம் நலமே என்று தீர்ப்பாகியிருக்கும்!

மற்றொரு வேடிக்கையும் உண்டு. அம்மீனுக்கு அறிவியற்பெயர் உறுதியாகாதபடியால் அருகிய இனங்களின் செம்பட்டியலில் அதைச் சேர்க்க முடியாதிருந்தது. பெயரில்லாதவன் எந்த மன்றில் மனுக் கொடுப்பான்? அமராவதி வழியாகக் காவிரியிற் சேரும் பாம்பாற்றிலிருந்து 2007இல் விவரிக்கப்பட்ட 'தோர் ரேமாதேவி' என்னும் இனமே இது என்று 2018இல் நிறுவப்பட்டது. அதன் பின்னரே மிக ஆபத்தான நிலையிலுள்ள இனமாக அது பட்டியலில் ஏறியது.

இதற்கிடையே, சரணாலயத்துள் தூண்டில் போடுவதும் வேட்டையே என்று சட்டத்துக்குப் பொருள்கொண்டு, 2012இல் அதனை நிறுத்திவிட்டனர். சட்டத்தின் நோக்கத்தை நாம் குறைகூறவில்லை. ஆனால் தூண்டிற்காரரின் கணக்கும் அன்றோடு நின்றது. வெடிபோட்டு மீன் பிடிப்பவன் கணக்கு எழுதுவதில்லை.

இனி எமது குளங்களைப் பார்ப்போம். 1950களின் தொடக்கத்தில் ஆபிரிக்கத் திலாப்பியா இந்நாட்டு நீர்நிலைகளில் விடப்பட்டது. ஏழையின் கறிச்சட்டிக்கு அது செய்த உதவியை நாம் மறுக்கமாட்டோம். 1990இல் நன்னீர் மீன்பிடிக்கு அளித்த ஆதரவை அரசு கைவிட்டது. 1994இலேதான் மீண்டும் தொடங்கியது. அரசு விரும்பும்போது எழுதி, வெறுக்கும்போது நிறுத்தும் கணக்கை நம்பி எமது குளங்களை விட்டிருத்தல் தகுமா? இரணைமடுவிலோ முத்தையன்கட்டிலோ, விரால் முன்போல் இல்லை என்று ஒருவர் முறையிட்டால், எப்போது முதல், எவ்வளவு என்று உத்தியோகத்தர் கேட்பார். அவர்முன் வைக்க எம்மிடம் என்ன இருக்கின்றது?

ஆதலால் ஆராய்ச்சியாளர் வந்தால் தோணி கொடுங்கள், வலையிற் பட்டதைக் காட்டுங்கள். ஆனால் இரண்டு நிபந்தனைகளை விட்டுக்கொடாதீர்கள். எழுதும் படிவம் தமிழில் இருத்தல் வேண்டும். முடிவின் பிரதியொன்று தமிழிலேயே உங்கள் சங்கத்துக்கு வருதல் வேண்டும். அவர்கள் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. குளத்துக்கொரு கொப்பி போதும். திகதி, வலையின் கண்ணளவு, நீரில் நின்ற நேரம், மீனின் இனம், நிறை ஆகியவற்றை எழுதுங்கள். குளத்தின் நீர்மட்டத்தையும் கமக்காரர் அதிலேயே குறிக்கட்டும். வயலுக்கு நீர் திறப்பதில் மீன்பிடிப்போரோடு பிணக்கு வரும் நாளில் இரு பகுதியாருக்கும் அது பயன்படும். ஒன்றும் அகப்படாத நாளையும் எழுதத் தவறாதீர்கள். ஆராய்ச்சிக்கு அதுவும் வேண்டியதே. கொப்பி வாங்கித்தரும் பொறுப்பை இங்கு வந்துள்ள உத்தியோகத்தர்கள் ஏற்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றோம்.