இன்ஜினியர் யார் பக்கம்?

(அந்தமானில் நடந்த சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ரயிலே ஓடாத தீவில் ரயில்வே குமாஸ்தாவுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். கப்பலேறி வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கல் உடைத்தும் தார் ஊற்றியும் பிள்ளையைப் பாலிடெக்னிக்கில் படிக்க வைத்தோம். இன்று அவன் காண்டிராக்டரிடம் சைட் இன்ஜினியர். மஸ்தூர்களின் வருகைப் பதிவேட்டில் அவன் கையெழுத்து. கூலி குறைந்தால் திட்டு வாங்குவதும் அவன்தான். அவன் முதலாளி பக்கமா, நம் பக்கமா?

ஜப்பானின் பெரிய கம்பெனிகளில் பட்டம் பெற்ற இன்ஜினியரும் மெஷின் ஓட்டுகிறவரும் ஒரே சங்கத்தில் இருக்கிறார்கள். செக்‌ஷன் மேனேஜர் நாற்காலி கிடைக்கும்போதுதான் அவர் வெளியேறுகிறார். அமெரிக்காவில் 1947ஆம் ஆண்டின் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம், ஆள் மேய்க்கும் மேற்பார்வையாளருக்குச் சங்கப் பாதுகாப்பை மறுத்தது. மேற்பார்வை செய்யாத இன்ஜினியருக்கு அந்த உரிமை உண்டு. வேலை ஒன்றுதான், கோடு கிழிக்கும் இடம் நாட்டுக்கு நாடு மாறுகிறது.

நம் நாட்டில்? 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில், 1956 திருத்தத்தால் தொழில்நுட்ப வேலை செய்பவரும் ‘தொழிலாளி’ ஆனார். மேற்பார்வை வேலை என்றால் மட்டும் சம்பள வரம்பு: முதலில் 500 ரூபாய், பிறகு 1,600, 2010இல் 10,000. 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் 18,000. நிர்வாக வேலை என்றாலோ சம்பளம் எதுவானாலும் வெளியேதான்.

சூழ்ச்சி இங்கேதான் நுழைகிறது. எனக்குத் தெரிந்த டிப்ளமோ பையன் ஒருவனுக்கு ‘உதவி மேனேஜர்’ என்று அட்டை அச்சடித்துக் கொடுத்தார்கள். சம்பளம் ஏறவில்லை. அவன் அம்மா அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார்! செய்த வேலையோ லெவல் பார்ப்பதும் கம்பி எண்ணுவதும்தான். திடீரென்று வேலையை விட்டு நிறுத்தியபோது, “நீ மேனேஜர், தொழிலாளர் சட்டம் உனக்கில்லை” என்றார்கள்.

நீதிமன்றம் அட்டையைப் பார்ப்பதில்லை. முக்கியமாகச் செய்த வேலை என்ன, லீவு கொடுக்கவும் ஆளை நிறுத்தவும் அதிகாரம் இருந்ததா என்றுதான் பார்க்கும். ஆனால் அதைக் காட்ட அவனிடம் ஒரு தாள்கூட இல்லை. அளவுப் புத்தகம் முழுக்கக் கம்பெனியிடம்.

ஆகவே தாய்மார்களே, பிள்ளைக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். தேதி, சைட், செய்த வேலை, லீவை யாரிடம் கேட்டான் என்று தினமும் எழுதட்டும். அன்றைக்கு எத்தனை மஸ்தூர் வந்தார்கள், எத்தனை மணிக்கு விட்டார்கள் என்பதையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள்.